நீல மூடிப் பாட்டில்

காலை ஒன்பது நாற்பதுக்கு யுஸ்ரா அவிநாசி ரோட்டு மருத்துவமனையின் மூன்றாவது மாடியில், வெளுத்த துணிகள் அடுக்கி வைக்கும் சின்ன அறைக்குள் முக்காலி போட்டு உட்கார்ந்து தாய்ப்பால் எடுத்துக்கொண்டிருந்தாள். கதவுக்குத் தாழ்ப்பாள் இல்லை. முதுகைக் கொடுத்துத்தான் அதைச் சாத்தி வைத்திருந்தாள். பேட்டரியில் ஓடும் பம்ப் கர்ரென்று இழுப்பதும் விடுவதுமாக இருந்தது. பிரசவ அறையில் ரித்திகாவுக்கு அடுத்த வலி வருவதற்குள் முடித்துவிட வேண்டும்.

பதினோரு நிமிடத்தில் நூற்றுப்பத்து மில்லி சேர்ந்தது. பாட்டிலுக்கு நீல மூடியைப் போட்டு இறுக்கினாள். மேலே ஒட்டிய வெள்ளை டேப்பில், 'அஃபான், 9.40' என்று எழுதினாள். ரித்திகாவின் அறையான முந்நூற்று நாலில் குட்டி ஃபிரிட்ஜ் ஒன்று இருந்தது. பாட்டிலை அதில் வைத்துவிட்டு ஓடினாள்.

யுஸ்ரா டூலா. பிரசவ வலி எடுத்ததிலிருந்து குழந்தை பிறக்கும்வரை பெண்ணின் கூடவே நிற்கும் துணை. ஊசி போடுவது, நாடி பார்ப்பதெல்லாம் டாக்டர், நர்சின் வேலை. இடுப்பை நீவிவிடுவது, மூச்சு விடச் சொல்லித்தருவது, எல்லாவற்றையும்விட முக்கியமாகக் கையைப் பிடித்துக்கொள்வது இவள் வேலை. ஆறு வருடத்தில் நூற்று நாற்பது குழந்தைகள் பிறந்ததைப் பார்த்தவள். அவளுடைய குழந்தை அஃபானுக்கு இப்போதுதான் ஐந்து மாதம்.

அஃபானைப் பற்றி ஒன்று சொல்லியாக வேண்டும். இரண்டு மாதத்துக்கு முன் உடுமலைப்பேட்டையில் ஒரு பிரசவம் நீண்டுகொண்டே போய், வீட்டில் எடுத்து வைத்திருந்த தாய்ப்பால் தீர்ந்துவிட்டது. அவள் கணவன் சஹீர் கடையில் பால் பவுடர் வாங்கிக் கலந்து கொடுத்தான். அரை மணி நேரத்தில் குழந்தையின் உதடும் கண்ணும் வீங்கி, மூச்சில் விசில் சத்தம் வந்தது. இரண்டு நாள் ஆஸ்பத்திரியில் கிடந்தான். மாட்டுப்பால் ஆகாத உடம்பு, பவுடரோ பசும்பாலோ ஒரு சொட்டு உள்ளே போகக்கூடாது, அடுத்த முறை இதைவிட மோசமாக வரலாம் என்று டாக்டர் சொல்லிவிட்டார். அப்படிப்பட்ட குழந்தைகளுக்கென்று தனி மாவு உண்டு. அதை நாக்கில் வைத்தாலே துப்பினான். பாட்டிலையும் தொட மாட்டான். சங்குபோல மூக்கு வைத்த பாலாடைக் கிண்ணத்தில்தான் குடிப்பான், அதுவும் அம்மாவின் பாலை மட்டும்.

தாய் சாப்பிடுவது தாய்ப்பாலிலும் இறங்கும் என்பதால் அன்றிலிருந்து யுஸ்ரா பால், தயிர், நெய் எதையும் தொடுவதில்லை. பிரசவ அழைப்பு வந்தால் உக்கடத்தில் இருக்கும் சஹீரின் டீக்கடைக்கு அன்றைக்கு லீவு. கோட்டைமேட்டு வீட்டில் அவன் குழந்தையோடு இருப்பான். யுஸ்ரா பால் எடுத்து வைப்பாள். வழக்கமாக வரும் ஆட்டோக்காரர் மயில்சாமி வாங்கிக்கொண்டுபோய்க் கொடுப்பார்.

அன்று காலை ஏழு மணிக்கு ஒரு சின்ன விஷயம் நடந்தது. அப்போது அது பெரிதாகத் தெரியவில்லை.

ரித்திகாவின் மாமியார் சாமியாத்தாள் அன்னூரிலிருந்து வரும்போதே ஒரு தூக்குப்போசி நிறையப் பால் கொண்டுவந்திருந்தார். பாக்கெட் பாலில் போட்ட காபி அவருக்கு இறங்காது. தோட்டத்தில் ஆறு மாடு நிற்கும்போது கடைப்பால் எதற்கு என்பது அவர் கட்சி. வீட்டிலேயே காய்ச்சி ஆறவைத்த பாலை ஃபிரிட்ஜில் வைத்துவிட்டு, முதல் டம்ளர் காபியை யுஸ்ராவுக்குத்தான் நீட்டினார்.

"வேணாங்கம்மா. எனக்குப் பால் சேராதுங்க" என்றாள் யுஸ்ரா.

குழந்தையின் கதையைச் சொல்ல அவள் விரும்பவில்லை. வலியில் இருக்கும் பெண்ணின் அறைக்குள் தன் வீட்டு நோய்நொடியைக் கொண்டுவரக்கூடாது என்பது தொழிலில் அவள் வைத்திருந்த கட்டுப்பாடு. சுருக்கமாக ஒரு பொய் சொன்னால் பேச்சு முடிந்துவிடும் என்று நினைத்தாள்.

பேச்சு முடியவில்லை. சாமியாத்தாள் அவளை மேலும் கீழும் பார்த்தார். "கைப்புள்ளக்காரி பால் குடிக்கலீன்னா புள்ளைக்கு எங்கிருந்து கண்ணு பால் ஊறும்? அதான் இப்படி வத்திப்போய்க் கெடக்கறே" என்றார். கேலி இல்லை, நிஜமான கரிசனம். யுஸ்ரா சிரித்து மழுப்பிவிட்டு ரித்திகாவின் பக்கம் திரும்பிக்கொண்டாள்.

ரித்திகாவுக்கு இருபத்தாறு வயது. தாய் வீட்டில் பிரசவம் பார்க்க அம்மா இல்லை. இறந்து இரண்டு வருடம் ஆகிறது. கணவன் அருள்குமார் மில்லுக்கு மெஷின் பார்க்க சூரத் போயிருந்த நேரத்தில், பதினோரு நாள் முன்னதாகவே வலி எடுத்துவிட்டது. மாலை விமானத்தில்தான் அவன் வர முடியும். பிரசவ அறைக்குள் துணைக்கு ஒருவருக்குத்தான் அனுமதி. மாமியாரா, டூலாவா என்று நர்ஸ் கேட்டபோது ரித்திகா யோசிக்காமல் யுஸ்ராவின் பெயரைச் சொன்னாள். சாமியாத்தாள் முந்தானையை இழுத்துச் செருகிக்கொண்டு வராந்தா நாற்காலியில் போய் உட்கார்ந்துவிட்டார்.

உள்ளே போனதும் ரித்திகா கேட்டாள்: "யுஸ்ராக்கா, கடைசி வரைக்கும் கையை விட மாட்டீங்கல்ல?"

"விட மாட்டேன்."

ஒவ்வொரு பிரசவத்திலும் சொல்லும் வார்த்தைதான். இதுவரை ஒரு தடவைகூடத் தவறியதில்லை.

பன்னிரண்டேகாலுக்கு மயில்சாமி கீழே வந்து நிற்பதாக நர்ஸ் வந்து சொன்னாள். ரித்திகாவுக்கு மூன்று நிமிடத்துக்கு ஒரு வலி. யுஸ்ராவின் வலது கை அவள் பிடிக்குள் வெள்ளை வெளேரென்று ரத்தம் செத்துப்போயிருந்தது. நகர முடியாது. ஃபிரிட்ஜில் நீல மூடி போட்ட பாட்டில் இருக்கிறது, அதை எடுத்து ஆட்டோக்காரரிடம் கொடுக்கும்படி சாமியாத்தாளம்மாவிடம் சொல்லுங்கள் என்றாள். சரியாகத்தான் சொன்னாள். நர்சும் சரியாகத்தான் போய்ச் சொன்னாள்.

இடையில் ஒரு தடவை மார்பு கல்லாகக் கனத்தது. அஃபானுக்கு ஒரு மணி வேளைப் பால் போயிருக்கும் என்ற நினைப்பில் பல்லைக் கடித்துக்கொண்டாள். அடுத்த பாட்டிலை அப்புறம் எடுத்துக்கொள்ளலாம்.

ஒரு மணி அடிக்க இரண்டு நிமிடம். டாக்டரம்மா கையுறையை மாட்டிக்கொண்டு, இனிமேல் முக்கலாம் என்றார். ரித்திகாவின் நெற்றி வியர்த்து வழிந்தது. ஈரத்துணி காய்ந்துவிட்டது. யுஸ்ரா இரண்டே எட்டில் கதவோரத்துக் குழாய்க்குப் போனாள். கதவு பாதி திறந்திருந்தது. வெளியே சாமியாத்தாள் நின்றுகொண்டிருந்தார். மருமகளின் குரல் கேட்டதும் நாற்காலியில் உட்கார முடியவில்லை போலிருக்கிறது.

தலை தெரிகிறது, பயப்படாதீர்கள் என்றாள் யுஸ்ரா. சாமியாத்தாள் தலையாட்டினார். பிறகு, பதிலுக்கு ஒரு நல்ல சேதி சொல்லுகிற மாதிரி, குரலைத் தாழ்த்திச் சொன்னார்:

"உம்பட புள்ளையப் பத்தியும் நீ கவலைப்படாதே அம்மணி. அந்தப் பாட்டில் பாலு திரிஞ்சு போச்சு. மேல மஞ்சளா ஏடு கட்டி, அடீல வெறும் தண்ணியா நின்னுச்சு. அதைக் குடுத்தனுப்ப மனசு வல்லை. கொட்டிப்போட்டு, பாட்டலைச் சுடுதண்ணீல கழுவி, நம்மூட்டுப் பாலை ரெண்டு பங்கும் தண்ணி ஒரு பங்குமா ஊத்திக் குடுத்தனுப்பிச்சுட்டேன். நாட்டு மாட்டுப் பாலு. புள்ளை வகுறு நெறையக் குடிச்சுப்போட்டுத் தூங்கும்."

எடுத்து வைத்த தாய்ப்பால் அப்படித்தான் பிரிந்து நிற்கும். லேசாகச் சுழற்றினால் கூடிவிடும். யுஸ்ராவுக்குத் தெரியும், சஹீருக்குத் தெரியும். நாற்பது வருடம் மாடு கறந்த சாமியாத்தாளுக்கு மட்டும் அது திரிந்த பால்.

யுஸ்ராவின் கையிலிருந்த ஈரத்துணி தரையில் விழுந்தது.

"எப்பங்கம்மா குடுத்தீங்க?"

"அந்த ஆட்டோக்காரர் வந்தப்பவே. ஏன் கண்ணு?"

பன்னிரண்டேகால். அவிநாசி ரோட்டிலிருந்து கோட்டைமேடு அரை மணி. பாட்டில் வீட்டுக்குப் போய்ச் சேர்ந்திருக்கும். ஒரு மணிக்குத்தான் அஃபானுக்கு அடுத்த வேளை. சுவர்க் கடிகாரத்தில் மணி சரியாக ஒன்று.

உள்ளேயிருந்து ரித்திகா கூப்பிட்டாள். "அக்கா... கை..."

யுஸ்ரா திரும்பிப் பார்த்தாள். அந்தரத்தில் ஒரு கை அவளைத் தேடித் துழாவிக்கொண்டிருந்தது. போன் முந்நூற்று நாலில், பைக்குள் இருந்தது. பிரசவ அறைக்குள் போன் கூடாது.

"உள்ள போங்கம்மா" என்று சாமியாத்தாளின் தோளைப் பிடித்துத் தள்ளினாள். "அவ கையைப் பிடிச்சுக்குங்க. வலி வரும்போது தாடையை நெஞ்சுக்குக் கொண்டுவரச் சொல்லுங்க. எம்பையனுக்கு மாட்டுப்பால் ஆகாதுங்கம்மா. உசிருக்கே ஆகாது."

சாமியாத்தாளின் முகம் மாறியதைப் பார்க்க அவள் நிற்கவில்லை. அனுமதி இல்லாதவர் உள்ளே வருவதைப் பார்த்து நர்ஸ் ஏதோ சொன்னதும், "அக்கா, போகாதீங்க" என்று ரித்திகா கத்தியதும் முதுகுக்குப் பின்னால் கேட்டது. யுஸ்ரா ஓடினாள்.

முந்நூற்று நாலில் பையிலிருந்து போனை எடுத்துக் கூப்பிட்டாள். சஹீரின் போன் அடித்தது. அடித்துக்கொண்டே இருந்தது. எடுக்கவில்லை. இரண்டாவது முறையும் எடுக்கவில்லை. மூன்றாவது முறை அடிக்கும்போதுதான் அவளுக்கு உறைத்தது. பாலாடையைக் கையில் எடுத்தால் போனைச் சைலன்ட்டில் போட வேண்டும் என்பது அவளே போட்ட சட்டம். போன் சத்தம் கேட்டால் அஃபான் தலையைத் திருப்பிக்கொண்டு வாயை இறுக்கிக்கொள்வான். அப்புறம் ஒரு மணி நேரம் கெஞ்ச வேண்டும். ஒருமுறை சஹீர் மறந்துபோனதற்கு மூன்று நாள் முகம் கொடுத்துப் பேசாமல் இருந்தவள் அவள். இப்போது அவன் போனை எடுக்கவில்லை என்றால், பாலாடை அவன் கையில் இருக்கிறது என்று அர்த்தம்.

மயில்சாமியைக் கூப்பிட்டாள். முதல் அடிப்பிலேயே எடுத்தார்.

"ஏனுங் அம்மணி, பால் பத்திரமாக் குடுத்துப்போட்டனுங்க. பத்து நிமிசம் ஆச்சுங்க."

"அண்ணா, இப்ப எங்க இருக்கீங்க?"

டவுன்ஹாலில் ஒரு சவாரியை ஏற்றிக்கொண்டிருந்தார். அந்தப் பாலைக் குழந்தைக்குக் கொடுக்கக்கூடாது, உடனே திரும்பிப் போய்க் கதவைத் தட்டுங்கள் என்றாள் யுஸ்ரா. ஏன் எதற்கு என்று மயில்சாமி ஒரு கேள்வி கேட்கவில்லை. "எறங்கிக்குங்க சாமி, அவசரம்" என்று அவர் சவாரியிடம் சொல்வதும், ஆட்டோ உறுமுவதும் கேட்டு லைன் துண்டாயிற்று.

டவுன்ஹாலிலிருந்து கோட்டைமேடு கூப்பிடு தூரம்தான். ஆனால் மதிய நேரத்து ஒப்பணக்காரத் தெரு வழிவிட வேண்டும். யுஸ்ரா மறுபடி சஹீரின் நம்பரை அழுத்தினாள். மறுபடி. மறுபடி. ஃபிரிட்ஜின் கதவைத் திறந்து பார்த்தாள், ஏன் என்று அவளுக்கே தெரியவில்லை. பாதி காலியான தூக்குப்போசி உள்ளே பளபளவென்று நின்றது.

ஒரு மணி ஆறு நிமிடம்.

அரை மணி நேரத்தில் வீங்கியது போன தடவை. இந்தத் தடவை எவ்வளவு நேரம் என்று டாக்டர் சொல்லவில்லை. மோசமாக வரலாம் என்று மட்டும்தான் சொன்னார். காலையில் அந்த டம்ளர் காபியை நீட்டியபோது ஒரு வாக்கியம் சொல்லியிருந்தால் போதும். என் பையனுக்கு மாட்டுப்பால் ஆகாது. ஒரே ஒரு வாக்கியம்.

அப்போது வராந்தாவின் கோடியிலிருந்து ஒரு குழந்தையின் அழுகை கேட்டது. புதுக் குழந்தை. முதல் மூச்சின் வீறல்.

ரித்திகாவுக்குக் குழந்தை பிறந்துவிட்டது. நூற்று நாற்பத்தோராவது குழந்தை. பிறக்கும்போது அவள் கூட இல்லாத முதல் குழந்தை.

அந்த அழுகைக்கு அவள் மனம் திரும்புவதற்குள் உடம்பு திரும்பிவிட்டது. மார்பு இரண்டும் சுரீரென்று இழுத்து, பால் தானாக இறங்கியது. துணியெல்லாம் தாண்டி சுடிதாரின் முன்பக்கம் நனைந்து பரவியது. இங்கே இத்தனை பால் வீணாக வழிகிறது. அங்கே அஃபானின் வாயில் என்ன இருக்கிறது என்று தெரியவில்லை. போனை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு தரையில் உட்கார்ந்தாள்.

போன் அதிர்ந்தது. சஹீர்.

"குடுத்துட்டீங்களா?" தன் குரல்தானா என்று அவளுக்கே சந்தேகமாக இருந்தது.

"இல்லை. நீ முதல்ல மூச்சு விடு" என்றான் சஹீர். "மயில்சாமியண்ணன் கதவை ஒடைக்கற மாதிரி தட்டறாரு. அதுக்கு முன்னாடியே தெரிஞ்சுபோச்சு. சுழட்டினேன், ஏடு கலையவே இல்லை. பாலாடைல ஊத்தினா காய்ச்சின வாசம். மூடியோரத்துல ஆடை ஒட்டியிருக்கு. தெனமும் முப்பது லிட்டர் காய்ச்சறவனுக்கு மாட்டுப்பால் தெரியாதா, யுஸ்ரா?"

அவள் அழுதாள். சத்தம் வரவில்லை.

"ஆனா ஒண்ணு" என்றான் அவன். குரலில் இருந்த தெம்பு கொஞ்சம் இறங்கியது. "பசியில எட்டிப் பாலாடையைப் புடுங்கிட்டான். ஒதட்டுலயும் மோவாயிலயும் கொட்டிருச்சு. ஒடனே கழுவிட்டேன். உள்ள போச்சா இல்லையான்னு தெரியலை. வாயைச் சுத்திச் செவந்திருக்கு."

"மூச்சு?"

"நல்லா இருக்கு. கத்தறானே, கேக்கலை?"

கேட்டது. பசியில் கத்தும் அழுகை. விசில் இல்லாத, தொண்டை நிறைந்த அழுகை. அதைக் கேட்டுக்கொண்டே எழுந்தாள். அந்த ஆட்டோவிலேயே இங்கே வந்துவிடுங்கள், குழந்தை டாக்டர் இங்கேயே இருக்கிறார், லைனைத் துண்டிக்க வேண்டாம் என்றாள். வழியெல்லாம் சஹீர் போனைக் குழந்தையின் வாய்ப் பக்கம் பிடித்துக்கொண்டு வந்தான். இருபத்தெட்டு நிமிடமும் யுஸ்ரா அந்த மூச்சைத்தான் கேட்டுக்கொண்டிருந்தாள். நடுவில் ஒருமுறை மயில்சாமி யாரையோ திட்டுவதும் கேட்டது.

குழந்தை டாக்டர் அஃபானின் சட்டையைக் கழற்றி, ஸ்டெதாஸ்கோப்பை முதுகிலும் நெஞ்சிலும் வைத்துப் பார்த்தார். வாயைச் சுற்றி நாலைந்து சிவந்த தடிப்பு. நெஞ்சில் சத்தம் இல்லை. ஒரு சொட்டு மருந்து கொடுத்தார். சாயங்காலம் வரைக்கும் கண் பார்வையில் இருக்கட்டும், அம்மா பால் தாராளமாகக் கொடுக்கலாம் என்றார். அதற்கு மேல் அஃபான் யாரையும் பேசவிடவில்லை. அம்மாவின் வாசனை மூக்கில் பட்டதும் முகத்தால் முட்டத் தொடங்கிவிட்டான்.

அவனைத் தோளில் போட்டுக்கொண்டு யுஸ்ரா முந்நூற்று நாலின் கதவருகே நின்றாள். உள்ளே போக வேண்டும். எப்படிப் போவது என்றுதான் தெரியவில்லை.

ரித்திகா தலையணையில் சாய்ந்திருந்தாள். மார்பின் மேல் துணியில் சுற்றிய பெண் குழந்தை. பக்கத்தில் சாமியாத்தாள் ஒரு கையைத் தொங்கப்போட்டபடி நின்றார். மணிக்கட்டில் நாலு நகத்தடம் பதிந்திருந்தது.

ரித்திகாதான் முதலில் பேசினாள். "கையை விட மாட்டேன்னு சொன்னீங்க."

"சொன்னேன்" என்றாள் யுஸ்ரா. "விட்டுட்டேன்."

ரித்திகா முகத்தை ஜன்னல் பக்கம் திருப்பிக்கொண்டாள். அதிலிருந்த கோபம் நியாயமானது. யுஸ்ராவுக்கு அது தெரிந்திருந்தது.

சாமியாத்தாள் அஃபானின் பக்கத்தில் வந்தார். வாயைச் சுற்றியிருந்த தடிப்பைத் தொடப் போன விரல் பாதியிலேயே நின்றது. "எங்கையில பால் வாசம் இருக்கும், தொட மாட்டேன்" என்று கையை முதுகுக்குப் பின்னால் கட்டிக்கொண்டார். "காலையிலயே ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாமில்ல அம்மணி? சேராதுன்னா உனக்குச் சேராதுன்னுதானே நெனைச்சேன்" என்றார்.

"சொல்லியிருக்கணுங்கம்மா. என்னோட தப்பும்தான்."

"நாங் கேக்காம ஊத்தினேனே. அது யாரோட தப்பு?"

அதற்குள் ரித்திகாவின் குழந்தை சிணுங்கியது. ரித்திகா அதை மார்பருகே கொண்டுபோனாள். அது நுனியை மட்டும் கவ்வியது, நழுவியது, வீறிட்டது. மறுபடி கவ்வி மறுபடி நழுவியது. ரித்திகா வலியில் உதட்டைக் கடித்தாள். அரை மணி நேரமாக இதே கதைதான் என்றார் சாமியாத்தாள். நர்ஸ் வந்து சொல்லிக்கொடுத்தும் பிடிக்கவில்லை. இந்த நேரத்தில் முன்னே போய் நின்று உதவ வேண்டியது யுஸ்ராவின் வேலை. அவள் தோளிலோ அஃபான் பசியில் உச்சக் குரலுக்குப் போயிருந்தான்.

யுஸ்ரா கட்டிலுக்கு எதிரே நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தாள். துப்பட்டாவை ஒதுக்கி அஃபானை மடியில் கிடத்தினாள்.

"ரித்திகா, என்னைப் பார்க்க வேணாம். இவன் வாயை மட்டும் பாரு" என்றாள். "மூக்குக்கு நேரா வைக்கறேன் பாரு. அவசரப்படாதே. கொட்டாவி விடற மாதிரி அகலமாத் திறக்கட்டும். இப்ப. மோவாய் முதல்ல படணும். நுனி மட்டும் போதாது, சுத்தியிருக்கற கறுப்பும் உள்ள போகணும்."

அஃபான் வாயை ஆவென்று திறந்து ஒரே கவ்வாகக் கவ்வினான். அடுத்த நொடி அறைக்குள் ஓர் அழுகை குறைந்தது. மடக் மடக்கென்று அவன் விழுங்கும் சத்தம் எல்லோருக்கும் கேட்டது.

ரித்திகா ஜன்னலிலிருந்து திரும்பியிருந்தாள். அஃபானின் வாயையே பார்த்தாள். பிறகு தன் குழந்தையின் மூக்கை நேராக வைத்தாள். காத்திருந்தாள். ஒருமுறை தவறியது. இரண்டாவது முறை குழந்தையின் மோவாய் பட்டது, வாய் விரிந்தது, பிடித்துக்கொண்டது.

"வலிக்குதா?" என்றாள் யுஸ்ரா.

"மொதல்ல மாதிரி இல்லை." கண்ணை எடுக்காமலே, "இன்னும் கோவமாத்தான் இருக்கேன்" என்றாள் ரித்திகா.

"இரு. ஆனா தோளைத் தளர்த்திக்க."

சாமியாத்தாள் இரண்டு பேரையும் மாறி மாறிப் பார்த்துக்கொண்டு நின்றார். பிறகு ஃபிரிட்ஜைத் திறந்து தூக்குப்போசியை வெளியே எடுத்தார். மூடியை அழுத்திப் பார்த்துக்கொண்டு, அஃபான் இருந்த பக்கம் போகாமல் சுவரோரமாகவே நடந்து, அறைக்கு வெளியே கொண்டுபோனார். வராந்தாவில் சஹீரிடம், சோப்புப் போட்டால் பால் வாசம் போகுமா என்று அவர் கேட்பது கேட்டது. கொஞ்ச நேரத்தில் குழாய் திறக்கும் சத்தமும், சோப்புப் போட்டுக் கையைத் தேய்த்துத் தேய்த்துக் கழுவும் சத்தமும் கேட்டன. அது வெகுநேரம் நிற்கவில்லை.